பத்துத் தவறுகள் வரை



சென்ற ஞாயிறு காலை ஆராதனையில், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தம்பி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததை உங்களில் சிலர் கவனித்திருப்பீர்கள். நானும் கவனித்தேன். பிரசங்க பீடத்தில் நிற்கிறவனுக்கு முதல் வரிசையைவிடக் கடைசி வரிசைதான் தெளிவாகத் தெரியும். அங்கே அமர்ந்தால் மறைவு என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் அந்தத் தம்பியை வேப்பமரத்தடிக்கு அழைத்தேன். கண்டிக்கத்தான் அழைத்தேன். "என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டேன். அவன் மறைக்கவில்லை. "கூடைப்பந்து ஐயா. அமெரிக்காவில் கோடைகால லீக் நடக்கிறது. அங்கே சனிக்கிழமை இரவு எட்டு மணி ஆட்டம், நமக்கு ஞாயிறு காலை எட்டரை" என்றான். நம் ஆராதனை தொடங்குவதும் எட்டரைக்குத்தான். லாஸ் வேகாஸ் என்று அவன் ஊரின் பெயரைச் சொன்னபோது என் முகம் மாறியிருக்க வேண்டும். "சூதாட்டம் இல்லை ஐயா, பல்கலைக்கழக அரங்கம்" என்று உடனே சேர்த்துக்கொண்டான்.

"யார் வென்றது?" என்று கேட்டேன். "அது முக்கியம் இல்லை ஐயா" என்றான். வெற்றி முக்கியமில்லாத ஆட்டத்தை ஒருவன் ஆராதனை நேரத்தில் ஏன் பார்க்கவேண்டும்? என் கோபம் குறைந்து வியப்பு மிகுந்தது. அரைமணி நேரம் அவன் விளக்கினான். வீட்டிற்கு வந்து நானும் தேடிப் படித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதை உங்களுக்கு எழுதுகிறேன். நம் வளாகத்தில் இருப்பது வாலிபால் வலை மட்டுமே. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் கபடியும் கிரிக்கெட்டும் அறிந்த அளவுக்குக் கூடைப்பந்தை நாம் அறியோம். ஆகையால் சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 அணிகள் உள்ளன. அக்டோபரில் தொடங்கும் பருவம் ஏப்ரல் வரை நீடிக்கும்; அதன்பின் பட்டத்துக்கான சுற்றுகள் ஜூன் வரை செல்லும். அந்த ஜூன் மாதத்திலேயே 'டிராஃப்ட்' என்னும் தெரிவு நடக்கும். அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். இரண்டு சுற்றுகளில் ஏறத்தாழ அறுபது பேர் மட்டுமே தெரிவாவார்கள். ஒரு நாட்டின் கல்லூரிகள் அனைத்திலும், வெளிநாடுகள் பலவற்றிலும் ஆடுகிறவர்களிலிருந்து அறுபது பேர்!

ஜூலையில் மூத்த ஆட்டக்காரர்கள் ஓய்விலிருக்கும்போது இந்த இளையோரைக் கொண்டு அணிகள் தங்களுக்குள் ஆடிப் பார்க்கின்றன. அதுவே கோடைகால லீக். லாஸ் வேகாஸில் 2004-ஆம் ஆண்டு 6 அணிகளுடன் தொடங்கியது. 2018 முதல் 30 அணிகளும் வருகின்றன. இந்த ஆட்டங்களின் வெற்றி தோல்வி பருவத்தின் கணக்கில் சேராது. புதிதாகத் தெரிவானவர்கள், ஓராண்டு அனுபவம் பெற்றவர்கள், எவராலும் தெரிவு செய்யப்படாமல் விடப்பட்டவர்கள், வெளிநாட்டு லீகுகளிலிருந்து மீண்டும் ஒருமுறை முயன்று பார்க்க வந்தவர்கள் ஆகியோர் ஒரே சட்டை அணிந்து ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பார்கள். பயிற்றுநர்களும் அப்படியே. தலைமைப் பயிற்றுநர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்துகொள்ள, உதவிப் பயிற்றுநர் ஒருவர் அணியை நடத்திப் பழகுவார். நடுவர்களில் பலரும் பழகுகிறவர்களே. விசில் ஊதுகிறவரும் பிழைசெய்து கற்றுக்கொள்கிற இடம் அது.

நான் அசந்துபோனது ஒரு விதியைக் கேட்டுத்தான். பருவ ஆட்டம் 48 நிமிடங்கள் நடக்கும். அதில் ஓர் ஆட்டக்காரர் 6 முறை ஃபவுல் செய்தால் வெளியே போகவேண்டும். கோடைகால ஆட்டமோ 40 நிமிடங்கள்தான். நேரம் குறைவு என்றால் தவறுகளின் எண்ணிக்கையையும் குறைக்கவேண்டும் அல்லவா? அவர்கள் கூட்டியிருக்கிறார்கள். அங்கே 10 ஃபவுல்கள் வரை ஆடலாம்.

தம்பியிடம் திரும்பவும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். "ஆமாம் ஐயா, பத்து. ஆறிலேயே வெளியே அனுப்பிவிட்டால் அவன் என்ன கற்றுக்கொள்வான், இவர்கள் என்ன பார்ப்பார்கள்?" என்றான். 2007-இல் முதலாவதாகத் தெரிவான கிரெக் ஓடன் என்னும் ஏழடி இளைஞர் தம் முதல் கோடை ஆட்டத்திலேயே அந்தப் பத்தையும் தீர்த்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அணிகள் இந்த ஆட்டங்களில் எதைத் தேடுகின்றன? புள்ளிகளை என்று நான் எண்ணியிருந்தேன். அது அத்தனை எளிதல்ல. கல்லூரியில் தன் அணிக்கு ராஜாவாக இருந்து பந்தெல்லாம் தன் கைக்கே வரப் பழகியவன், பெரிய அணிக்குப் போனால் எட்டாவது ஒன்பதாவது ஆளாகத்தான் இருப்பான். பந்து கையில் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான்? தடுப்பதற்கு ஓடித் திரும்புகிறானா? பயிற்றுநர் நேற்றுச் சொன்னது இன்று காலில் தெரிகிறதா? பெஞ்சில் உட்கார வைத்தால் முகம் எப்படி இருக்கிறது? சில அணிகள் வேண்டுமென்றே ஓர் இளைஞனுக்கு அவன் திறமை குறைந்த வேலையைத் தருவதுண்டு. தொலைவிலிருந்து எறிவதில் வல்லவனைப் பந்தை ஏந்திச் சென்று ஆட்டத்தை நடத்தச் சொல்வார்கள். அவன் தடுமாறுவான் என்று தெரிந்தே செய்கிறார்கள். இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஜூலையில் தடுமாறட்டும் என்பதே எண்ணம்.

எண்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சிகள் உண்டு. 2012-இல் லாஸ் வேகாஸின் சிறந்த ஆட்டக்காரர் பட்டத்தை டேமியன் லில்லார்ட், ஜாஷ் செல்பி என்னும் இருவர் பகிர்ந்துகொண்டார்கள். லில்லார்ட் போர்ட்லாந்து அணியின் தூணாகப் பல ஆண்டுகள் நின்றார். செல்பி அடுத்த ஆண்டுக்குள் என்.பி.ஏ.விலேயே இல்லை. 2023 ஜூலையில், உலகமே எதிர்பார்த்திருந்த பிரெஞ்சு இளைஞர் விக்டர் வெம்பன்யாமா தம் முதல் கோடை ஆட்டத்தில் 13 முறை எறிந்து 2 முறை மட்டுமே கூடையில் இட்டார். கைகொட்டிச் சிரித்தவர்கள் பலர். இரண்டு நாள் கழித்து அடுத்த ஆட்டத்தில் 27 புள்ளிகள். அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகம் அவரே.

செப்டம்பர் இறுதியில் பயிற்சி முகாம் தொடங்கும். அக்டோபரில் பருவத்துக்கு முந்திய காட்சி ஆட்டங்கள் நடக்கும். நம் நாட்டிலும் ஒருமுறை நடந்தன. 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் மும்பையில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியும் இண்டியானா பேசர்ஸ் அணியும் மோதின. முதல் நாள் அரங்கில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளே அமர்ந்திருந்தார்கள். இத்தகைய ஆட்டங்களில் மூத்தவர்கள் சிறிது நேரம் ஆடி அமர்ந்துவிடுவார்கள். பிற்பகுதி முழுவதும் இளையோர் கையில் இருக்கும். முகாமுக்கு இருபது பேருக்கு மேலும் அழைக்கலாம். பருவம் தொடங்கும்போது முழு ஒப்பந்தத்தில் 15 பேர்தான் இருக்கமுடியும். பெரிய அணிக்கும் 'ஜி லீக்' என்னும் சிறிய லீகுக்கும் இடையில் போய்வரும் இருவழி ஒப்பந்தம் 2017-இல் வந்தது. இப்போது அதில் அணிக்கு மூவர். மற்றவர்கள் பெட்டியைக் கட்டவேண்டும்.

இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. தொழில்முறை அணிகள் தர்மத்துக்காக இதை நடத்தவில்லை. ஓர் இளைஞனைச் சோதிக்க எதிரில் ஆட ஆள் வேண்டும். அந்த ஆளாக மட்டுமே அழைக்கப்படுகிறவர்கள் உண்டு. தாங்கள் அதற்காகத்தான் அழைக்கப்பட்டிருக்கிறோம் என்று அவர்களுக்கும் ஏறக்குறையத் தெரியும். இருந்தும் வருகிறார்கள்.

நம் நாட்டுப் பிள்ளைகள் இருவர் அந்தக் களத்தில் நின்றிருக்கிறார்கள். பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்னும் சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த சத்னாம் சிங், 2015 ஜூன் மாதத் தெரிவில் 52-ஆவதாக டாலஸ் மேவரிக்ஸ் அணியால் எடுக்கப்பட்டார். ஏழடி இரண்டு அங்குல உயரம். என்.பி.ஏ. தெரிவில் பெயர் சொல்லப்பட்ட முதல் இந்தியர். அந்த ஜூலையில் கோடைகால லீகில் ஆடினார். பிறகு டாலஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு பருவங்கள் இருந்தார். பெரிய லீகின் முறையான ஆட்டத்தில் ஒரு நிமிடமும் அவருக்குக் கிடைக்கவில்லை. இப்போது தொழில்முறை மல்யுத்தத்தில் இருக்கிறார்.

மற்றவர் பிரின்ஸ்பால் சிங், குர்தாஸ்பூர் மாவட்டத்துக்காரர். வாலிபால் ஆட நினைத்த பையனின் உயரத்தைக் கண்டு கூடைப்பந்துக்குத் திருப்பிவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் கோடைகால லீகில் இடம்பெற்றார். அந்த அணி இறுதியாட்டத்தில் பாஸ்டனை 100–67 என்று வென்று பட்டம் பெற்றது. அந்தத் தொடரில் அவர் களத்தில் நின்ற நேரம் சில நிமிடங்களே. ஆனாலும் எந்த நிலையிலும் என்.பி.ஏ. பட்டம் வென்ற அணியில் இடம்பெற்ற முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்கு உண்டு.

இவர்களைப் பற்றிச் சொல்லும்போது தம்பியின் குரல் மாறியதை நான் கவனித்தேன். "வந்து பார், உன்னால் முடியுமா என்று நாங்களும் பார்க்கிறோம் என்று சொன்னார்களே ஐயா" என்றான்.

இதுவரை நான் நல்ல மாணவனாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "நம் சபையிலும் வாலிபர் ஞாயிறு வைத்திருக்கிறோமே" என்று பெருமையாக ஒரு வார்த்தை சொன்னேன். அவன் சற்று நேரம் தரையைப் பார்த்தான். பிறகு, "எங்கள் அக்காவுக்கு ஒரே ஒரு ஃபவுல்தானே ஐயா கொடுத்தீர்கள்" என்றான்.

பிரியமானவர்களே, அந்த ஞாயிறு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாலிபர் ஞாயிறன்று அவனுடைய அக்காளிடம் பதினைந்து நிமிடச் செய்தி கொடுக்கச் சொல்லியிருந்தேன். யோனாவின் புத்தகம். நன்றாக ஆயத்தம் செய்து வந்திருந்தாள். கையில் எட்டுப் பக்கங்கள். பதற்றத்தில் நேரம் இருபத்தைந்து நிமிடங்களைத் தாண்டியது. இடையில், கர்த்தர் யோனாவைத் தர்ஷீசுக்குப் போகச் சொன்னார் என்றும் யோனா நினிவேக்கு ஓடிப்போனான் என்றும் மாற்றிச் சொல்லிவிட்டாள். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதன்பின் அந்தப் பிள்ளையால் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவே முடியவில்லை.

சிரித்தவர்களை நான் குறைசொல்லப் போவதில்லை. நான் செய்தது அதைவிடப் பெரிது. முடிவு ஜெபத்தில், "நினிவேக்குப் போகச் சொன்னபோது தர்ஷீசுக்கு ஓடிய யோனாவைப் போல நாங்கள் இராதபடிக்கு" என்று அழுத்திச் சொன்னேன். ஜெபத்துக்குள் வைத்துத் திருத்தினால் யாரும் பதில் சொல்ல முடியாதல்லவா? வேதத்தைச் சரியாகச் சொல்லவேண்டிய பொறுப்பு எனக்கு உண்டு என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் ஆராதனை முடிந்தபின் தனியே அழைத்து, இரண்டு ஊர்களையும் மாற்றிச் சொல்லிவிட்டாய் அம்மா, மற்றபடி நன்றாக ஆயத்தம் செய்திருந்தாய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த ஆண்டு வேறு ஒருவரை அழைத்தேன், அதற்கடுத்த ஆண்டு வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்தேன். அவள் இப்போது சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிறாள். ஞாயிறு தவறாமல் வருகிறாள், இடதுபக்கம் நான்காவது வரிசையில் அமர்கிறாள், போகிறாள். மூன்று ஆண்டுகளில் அவள் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்து ஜெபிக்கக்கூட இல்லை என்பது தம்பி சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது.

மாற்கு எனப்பட்ட யோவானைப் பற்றி எத்தனை முறை உங்களுக்குப் பிரசங்கித்திருக்கிறேன்! பம்பிலியாவிலே ஊழியத்தை விட்டுத் திரும்பிப்போன வாலிபன் அவன். மறுபடி அழைத்துப்போகக் கூடாது என்று பவுல் உறுதியாய் நின்றார். பர்னபாவோ அவனைச் சேர்த்துக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பலேறினார். பிற்காலத்தில் அதே பவுல், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், அவனை அழைத்துவரும்படி கேட்டு எழுதுகிறார். அவன் தமக்குப் பயன்படுகிறவன் என்கிறார். இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் அந்தப் பிரிவினையில் யார் பக்கம் நியாயம் என்று நாங்கள் விடுதியில் நள்ளிரவுவரை வாதிட்டதுண்டு. நான் பர்னபாவின் கட்சி. வாதத்தில் மட்டும்.

நம் மூப்பர்களில் ஒருவரிடம் இதைப் பேசினேன். அவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். "ஐயா, அது விளையாட்டு. பீடம் விளையாட்டுக் களமா? ஆராதனையில் ஒவ்வொருவரும் வந்து தவறிப் பழகினால் கேட்கிற ஜனத்தின் நிலைமை என்ன?" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. என்.பி.ஏ. அணிகளும் இறுதியாட்டத்தில் புதியவனைச் சோதிப்பதில்லை; அதற்கென்று ஜூலையை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். நம் துத்திப்பட்டு மைதானத்தில் கிரிக்கெட் பயிலும் பிள்ளைகளைக் கேளுங்கள். புதுச்சேரி 2018-இல் ரஞ்சிக் கோப்பைக்குள் வந்தது. ரஞ்சி ஆட்டத்தில் நேராக யாரையும் கொண்டு நிறுத்துவதில்லை. தமிழ்நாட்டில் பருவத்துக்கு முன் நடக்கும் புச்சிபாபு போட்டி, ஆறாண்டு இடைவெளிக்குப் பின் 2023-இல் மீண்டும் தொடங்கப்பட்டதும் பருவம் வருமுன் ஆட்களை ஆடவிட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பதால்தான்.

நம் சபையில் அந்த ஜூலை எங்கே இருக்கிறது என்று மூப்பரும் நானும் வெகுநேரம் யோசித்தோம். இல்லை என்பதே உண்மை. ஆண்டுக்கு ஒரு வாலிபர் ஞாயிறு. அதுவும் ஆலயம் நிறைந்த நாள், பெற்றோர் முன் வரிசையில், கைப்பேசிகளில் படப்பிடிப்பு. முதல் ஆட்டமே இறுதியாட்டம். அதில் தவறினால் அடுத்த வாய்ப்பு பன்னிரண்டு மாதம் கழித்து, அதுவும் போதகர் நினைவில் இருந்தால்.

ஆகவே புதன்கிழமை மாலை வீட்டு ஜெபக்கூட்டங்களை இதற்கென்று வைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம். வில்லியனூர்ப் பக்கம் ஒரு வீடு, பாகூர்ப் பக்கம் ஒரு வீடு. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். வாலிபர்கள் நடத்துவார்கள், நான் பின்னால் பாயில் அமர்ந்திருப்பேன். இடையில் திருத்தமாட்டேன். முடிவு ஜெபமும் என்னுடையதல்ல. பேசினவரோடு மறுநாள் தனியே உட்கார்ந்து பேசுவேன். ஒருவருக்கு ஒருமுறை என்றில்லாமல், அடுத்தடுத்துப் பல வாரங்கள் அதே ஆளுக்கே கொடுப்போம். ஒரு முறையில் எவரையும் அறிய முடியாது. இவ்வளவும் அந்தக் கடைசி வரிசைத் தம்பி சொல்லிக்கொடுத்தது. ஆராதனை நேரத்தில் கைப்பேசி பார்த்ததற்கான கண்டிப்பை அவனுக்கு நான் தனியாகக் கொடுத்துவிட்டேன் என்பதையும் பெற்றோரின் ஆறுதலுக்காக எழுதிவைக்கிறேன்.

சனிக்கிழமை மாலை பாகூரில் அவர்கள் வீட்டிற்குப் போனேன். ஏரிக்கரைப் பக்கம் நல்ல காற்று. அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். அவளுடைய தாயார் காப்பி கொண்டுவந்து வைத்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் முடிவு ஜெபத்தில் நான் செய்தது தவறு என்று தாயார் எதிரிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஐம்பது வயதைக் கடந்த ஒரு போதகனுக்கு அந்த வாக்கியம் எளிதில் வரவில்லை, காப்பி ஆறிப்போயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த எட்டுப் பக்கத்தையும் அன்றைக்கே கிழித்துவிட்டேன் ஐயா" என்றாள்.

பாகூர்க் கூட்டத்தின் முதல் புதன்கிழமையை நடத்த முடியுமா என்று கேட்டேன். எந்தப் பகுதி என்றாள். அவள் விருப்பம் என்றேன். வாசல்வரை வந்து, செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம், "பத்துவரைக்கும் விடுவீர்களாமே, தம்பி சொன்னான்" என்றாள். சிரித்தாளா என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை. ஆம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

இதை எழுதுவது செவ்வாய் இரவு. அவளிடமிருந்து இன்னும் செய்தி வரவில்லை. நாளை மாலை ஆறரைக்குப் பாகூரில் கூட்டம். பாய் விரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.